பன்னிரண்டுக்குப் பதினொன்று

அந்தச் சலவைக்கூடத்தில் அவளைவிட இருபது வயது சின்னவர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், பாய்லர் பார்க்கிற அவளுடைய அண்ணன் அவளைக் கூட்டிவந்து, "இது என் தங்கச்சி, துணி மடிக்க வந்திருக்கா" என்று சொன்னதோடு சரி. அவளுடைய சொந்தப் பெயர் அன்றைக்கே வாசலில் நின்றுவிட்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. அண்ணனுக்கு அறுபத்து மூன்று. அவர் எல்லோருக்கும் பாய்லரண்ணன்.

இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது. அண்ணி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. தங்கச்சியின் புருஷன் கப்பலில் வேலை என்று போனவன். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. சலவைக்கூடத்துக்குப் பின்சந்தில் இரண்டு அறை. முன்னறையில் அண்ணன், உள்ளறையில் அவள். விடிகிற நேரத்தில் அவர் முதலில் கிளம்பிவிடுவார். பாய்லர் சூடேறி நீராவி வந்தால்தான் மற்ற எவருக்கும் வேலை ஓடும்.

ஊரிலுள்ள மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி அங்கே வந்தது. வண்டிக்காரர் ஆறு மணிக்கு மூட்டைகளை இறக்குவார். ரத்தம் பட்டது ஒரு பக்கம், மருந்து பட்டது ஒரு பக்கம், குழந்தைகளுடையது ஒரு பக்கம் என்று பிரிப்பதற்குள் முதுகு விட்டுப்போகும். பிறகு அலசல், கொதிநீர், பிழியல், கஞ்சி, இஸ்திரி உருளை, கடைசியில் மடிப்பு மேஜை. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே எல்லோருக்கும் வேர்த்து ஒழுகும். ஈரத்தின் வாடையும் சோப்பின் காரமும் தோலுக்குள் இறங்கி, வீட்டுக்குப் போய் எத்தனை தரம் குளித்தாலும் போகாது.

அந்த இடத்தை யார் ஆண்டார்கள் என்பது பற்றி, சாப்பாட்டு நேரத்தில் பேப்பர்காரர் ஒரு பிரசங்கமே வைத்திருந்தார். இஸ்திரி உருளையில் வேலை செய்கிற அவர் தினமும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்து மற்றவர்களுக்குச் சொல்வதால் அந்தப் பெயர்.

"இருபது வருஷம் பெரிய முதலாளி. அது மன்னராட்சி. அவரு சொன்னா சொன்னதுதான். அவரு செத்ததும் மூணு பசங்க வந்தாங்க. அது சிலராட்சி. ஒருத்தன் துணிய வெந்நீர்ல போடுன்னான், ஒருத்தன் பச்சத்தண்ணில போடுன்னான், மூணாவது ஆளு துணியே வேணாம், இடத்த விக்கலாம்னான். மூணு பேரும் சண்ட போட்டுட்டு ஊர விட்டே போனாங்க. இப்போ நம்ம கைல, நாமளே சேந்து நடத்துறோம். இது மக்களாட்சி. இருபத்து மூணு பேரு, இருபத்து மூணு ஓட்டு."

"எந்த ஆட்சில கழிப்பற கழுவ ஆள் வச்சாங்க?" என்று கேட்டாள் கஞ்சித்தொட்டியைப் பார்க்கிற கஞ்சியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மட்டும் மூன்று ஆட்சியிலும் முறை வைத்துக் கழுவியது அவர்கள்தான்.

தலைவர் ஒருத்தர் வேண்டும் என்று வந்தபோது தங்கச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளிடம் பெரிய சாமர்த்தியம் எதுவும் இருந்ததாக யாரும் நினைக்கவில்லை. அவளோடு சண்டை போட்டவர்கள் எவரும் இல்லை, அவ்வளவுதான். அவள் தலைவியாகிச் செய்த ஒரே புதுக்காரியம், ஓட்டைச் சீட்டில் போட வைத்தது. அதுவரை கை தூக்கித்தான் முடிவெடுத்தார்கள். கை தூக்குவதற்கு முன்னால் பாதிப்பேர் வண்டிக்காரரின் முகத்தைப் பார்ப்பதை அவள் கவனித்திருந்தாள். அவர் குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு.

"சீட்டுல போடுவோம். எழுதத் தெரியாதவங்க வட்டம் போடட்டும், இல்லன்னா பெருக்கல் போடட்டும். எது யாரோட சீட்டுன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. எண்ணுற நானும் வெளிய சொல்லக் கூடாது" என்றாள்.

அதை வண்டிக்காரரால்கூட எதிர்க்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், எட்டு மணிக்கு அவள் அண்ணனுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனாள். தினமும் போகிற வழி, தினமும் கேட்கிற இரைச்சல். அன்றைக்கு இரைச்சலில் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. தண்ணீர் ஏற்றுகிற பம்பு ஓடவில்லை.

பாய்லரின் முகப்பில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அதில் பார்க்கலாம். கீழே சிவப்புக் கோடு. அதற்குக் கீழே தண்ணீர் போகவே கூடாது. போனால் நெருப்பு வெறும் இரும்பைச் சுடும். அவள் குழாயைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்கு மேலே எதுவும் இல்லை.

"அண்ணே, தண்ணி எங்க?"

"பாதிக்கு மேல நிக்குதே. தெரியலயா?" என்று சொல்லி, அவர் எழுந்துவந்து குழாயின் நடுவில் விரலை வைத்தார். அங்கே வருஷக்கணக்கான துருவால் படிந்த பழுப்புக் கோடு ஒன்று இருந்தது.

"அது கறைண்ணே."

அவர் முகத்தைக் குழாயோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு அவர் கை தானாகப் போய் நெருப்பை அணைத்தது. முப்பத்தெட்டு வருஷத்துக் கை அது. "தண்ணியத் திறந்துடாதே" என்றார். "சூட்டுல பச்சத்தண்ணி பட்டா அப்படியே தூக்கிடும். ஆறட்டும். நீ வெளிய போ."

அவள் போகவில்லை. இரண்டு பேரும் சுவரோரமாக நின்று, இரும்பு ஆறும்போது எழுப்புகிற சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிழியல் எந்திரத்தில் ஆறு பேர். கஞ்சித்தொட்டியில் கஞ்சியக்காவும் இன்னொருத்தியும். ரொட்டி தட்டிலேயே இருந்தது.

"எவ்வளவு நாளாண்ணே?"

"என்னது?"

"கண்ணு."

"மழ இருட்டு" என்றார் அவர். சற்றுக் கழித்து, "யாருக்கும் சொல்லாதே. பர்னர் அடச்சுக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அப்படித்தான் சொன்னார்கள். அன்றைக்குத் துணி இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனது.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் அன்றைக்குச் சாயங்காலம் கேட்டாள், மறுநாள் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். "போறேன், போறேன்" என்றார். நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பேச்சை வேறு பக்கமாக எடுத்தாள்.

"சனிக்கிழம கூட்டத்துல பேசப் போறேன்ணே. நெட்டையன் பாய்லர் பரீட்ச பாஸ் பண்ணியிருக்கான். நீங்க லீவு போட்டா அவன்தான் பாக்குறான். அவன் பாக்கட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க."

"பேசு. நீதான தலைவி."

"தலைவியாப் பேசல. உங்க தங்கச்சியாப் பேசுறேன்."

அவர் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். தோல் பாதி ஒட்டிக்கொண்டே இருந்தது. "இங்க பாரு. எல்லாரும் சேந்து, அண்ணே நீ எழுந்திரின்னு சொன்னா எழுந்துடறேன். ஒருத்தர் சொல்லி எழுந்திரிக்க மாட்டேன். பெரிய முதலாளி ஒரு தடவ போடான்னாரு, போகல. அந்த மூணு பசங்களும் ஆளுக்கொரு தடவ சொன்னாங்க, போகல. ஒத்த ஆளு வாய்க்கு நான் என்னைக்கும் அடங்கினதில்ல."

"எல்லாரும் சொன்னா?"

"அப்போ வேற. அது நானும் சேந்து சொல்றது மாதிரி."

சனிக்கிழமை வேலை முடிந்து, மடிப்புக்கூடத்தில் கூடினார்கள். நாற்காலி ஏழுதான் இருந்தது. மற்றவர்கள் துணிமூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். தங்கச்சி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கண்ணாடிக் குழாய், கறை, அணைத்த நெருப்பு, பர்னர் அடைத்தது என்று சொன்ன பொய். சொல்லும்போது அண்ணனைப் பார்க்கவில்லை.

பிறகு வண்டிக்காரர் ஆரம்பித்தார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவ. ஒரே ஒரு தடவ. அதுக்கு ஆள மாத்தணுமா? எனக்கும்தான் மழைல ரோடு தெரியல. என்னயும் எறக்குவீங்களா?"

"பாய்லரண்ணன் காதால பாய்லர் ஓட்டுறவரு" என்றார் ஒருத்தர். "சத்தத்த வச்சே பிரஷர் சொல்வாரு."

"அன்னைக்குக் காது என்ன பண்ணிச்சு?" என்றாள் தங்கச்சி.

"உன் அண்ணனப் பத்தி நீயே இப்படிப் பேசுறியே" என்றாள் கஞ்சியக்கா. அவள் குரலில் கோபம் இல்லை, ஏதோ பயம் இருந்தது. "எனக்கும் கை நடுங்குது. கஞ்சி ரெண்டு தடவ கட்டியாப் போச்சு. நாளைக்கு என்னயும் சீட்டுல போடுவீங்களா?"

தங்கச்சி, "கஞ்சி கட்டியானா துணி மொடமொடன்னு நிக்கும், அவ்வளவுதான். பாய்லருக்குத் தண்ணி வத்தினா நாம யாரும் நிக்க மாட்டோம். அதுக்கு ஓட்டு கெடயாது அக்கா. அது கூட்டம் போட்டுட்டு வெடிக்காது" என்றாள்.

பேப்பர்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாய்லரண்ணனும் ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார்.

அவர் மூட்டையிலிருந்து எழுந்தார். "நிழல்ல நின்னு பாத்தா யாருக்கும் அப்படித்தான் தெரியும்" என்றார். "ஆனா நீங்க எல்லாரும் என்ன சொல்றீங்களோ சரி." உட்கார்ந்துவிட்டார்.

மூட்டைகளில் கட்டுகிற அட்டைகளின் வெள்ளைப் பக்கத்தைச் சீட்டாக்கினார்கள். இருக்கட்டும் என்றால் வட்டம், மாற்றலாம் என்றால் பெருக்கல். ஒவ்வொருவராகத் தடுப்புக்குப் பின்னால் போய்க் குறி போட்டு, சோப்புத்தூள் டப்பாவில் போட்டுவிட்டு வந்தார்கள். அண்ணன் போனபோது வழியிலிருந்த கூடையில் கால் இடித்தது. நெட்டையன் பிடிக்கப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டார்.

தங்கச்சி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துச் சொல்ல, பேப்பர்காரர் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். வட்டம். வட்டம். பெருக்கல். வட்டம். பெருக்கல். பெருக்கல்.

பதினேழாவது சீட்டைப் பிரித்தபோது அவள் கை நின்றது. அதிலிருந்தது பெருக்கல்தான். ஆனால் இரண்டு கோடும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. ஒன்று அட்டையின் நடுவில் இருந்தது. இன்னொன்று அதைத் தொடாமல் தள்ளிப்போய் ஓரத்தைத் தாண்டி ஓடிவிட்டது. வீட்டில் அண்ணன் தினமும் ராத்திரி படுக்கும் முன் காலண்டரில் அன்றைய தேதியை அடிப்பார். அண்ணி இருந்தபோது ஆரம்பித்த பழக்கம். ஆறு மாதமாக அந்தக் குறிகள் இப்படித்தான் இருந்தன. ஒரு கோடு தேதியின் மேலே, இன்னொரு கோடு பக்கத்துக் கட்டத்தில். அவள் தினமும் காலையில் பார்த்து மனசுக்குள் அடக்கிக்கொண்டவை.

"என்ன குறி?" என்றார் பேப்பர்காரர்.

"பெருக்கல்" என்றாள்.

பன்னிரண்டு வட்டம், பதினொரு பெருக்கல். பாய்லரண்ணன் இருக்கட்டும்.

கைதட்டினார்கள். வண்டிக்காரர் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "சரி, சரி" என்றார் அண்ணன். தங்கச்சி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். சுமையை இறக்கி வைக்கலாம் என்று குனிந்தவனிடம், இன்னும் கொஞ்ச தூரம் தூக்கு என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த முகம். வேறு யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் துணி துவைத்தாள், தரை துடைத்தாள், தேவையில்லாமல் அலமாரியை இறக்கி ஏற்றினாள். மனசுக்குள் ஒரே விஷயம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திரிக்கத்தான் விரும்பினார். வாயால் சொல்ல முடியாததை அட்டையில் போட்டார். அதை வெளியே சொன்னால் போதும், பன்னிரண்டு பேரில் பத்துப்பேர் மாறிவிடுவார்கள். ஆனால் எப்படிச் சொல்வது? எது யாரோட சீட்டுன்னு யாரும் கேக்கக் கூடாது, எண்ணுற நானும் சொல்லக் கூடாது என்று சொன்னது அவள்தானே. அதை அவளே உடைத்தால் நாளைக்கு எவர் தடுப்புக்குப் பின்னால் போய் நம்பிக்கையோடு குறி போடுவார்கள்? அதைவிட, இருபத்திரண்டு பேர் முன்னால் அண்ணனின் நெஞ்சைப் பிரித்து மேஜைமேல் வைப்பது மாதிரி ஆகிவிடும். அவரிடம் தனியாகக் கேட்டாலும், இல்லை என்றுதான் சொல்வார்.

திங்கள்கிழமை வெளுக்கும்போதே, அண்ணன் எழுவதற்கு முன்னால், அவள் போய்ப் பாய்லர் அறைக் கதவில் தன் பெட்டியின் பூட்டைப் போட்டுப் பூட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தூறல் விடவில்லை.

அண்ணன் வந்தார். பூட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"யாரு பூட்டினது?"

"நான்தான்ணே."

அவர் பூட்டிலிருந்து கையை எடுத்துத் தள்ளி நின்றார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆறேகாலுக்கு வாசலில் கூட்டமே நின்றது. வண்டிக்காரர் மூட்டைகளை இறக்காமலே வந்துவிட்டார்.

"சனிக்கிழம என்ன முடிவாச்சு?" என்றார்.

"பாய்லரண்ணன் இருக்கட்டும்னு முடிவாச்சு."

"அப்போ எந்த அதிகாரத்துல பூட்டுன?"

"அதிகாரம் எதுவும் இல்ல. பூட்டு மட்டும்தான் இருக்கு" என்றாள் தங்கச்சி. "நெட்டையன் உள்ள போனா தொறக்கறேன். இல்லன்னா தொறக்க மாட்டேன்."

"இதத்தான பெரிய முதலாளியும் பண்ணாரு! அதுக்கு அவரே இருந்திருக்கலாமே!"

"எங்க ஓட்டுக்கு என்ன மரியாத?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இந்த டப்பாவும் சீட்டும் எதுக்கு?"

"சொல்லு தங்கச்சி, ஏன்னு சொல்லு" என்றார் பேப்பர்காரர், கெஞ்சுகிற மாதிரி. "காரணம் ஏதாவது புதுசா இருந்தா சொல்லு. கூட்டம் போட்டு மறுபடி பேசுவோம்."

காரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அண்ணன் மூன்றடி தள்ளி, நனைந்துகொண்டு நின்றார்.

"புதுசா ஒண்ணும் இல்ல. அன்னைக்குச் சொன்னதுதான்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து துணி எங்கே என்று கேட்டு இரண்டு தரம் போன் வந்தது. ஏழரை மணிக்கு, வேறு வழியில்லாமல், நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தான். அவள் கதவைத் திறந்துவிட்டாள். அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சாவிய பத்திரமா வச்சுக்கோங்க முதலாளி" என்றார்.

பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று பேசியவர் முதல்தடவையாக அவளுக்கு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் தலைவியாக இருந்த பதினோரு நாளும் மௌனம்தான். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். அவள் மேஜைக்கு வந்தால் பேச்சு நின்றது, போனால் தொடங்கியது. தங்கச்சி என்ற சொல்லே காணாமல் போனது. "தலைவி சொன்னாங்க", "தலைவியக் கேளுங்க" என்றார்கள், அதுவும் தவிர்க்க முடியாதபோது மட்டும். சாப்பாட்டு நேரத்தில் கஞ்சியக்கா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். இருபத்தேழு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவைத்துச் சாப்பிட்டவர்கள்.

மாடியில் கண்ணாடி போட்ட ஓர் அறை உண்டு. பெரிய முதலாளி அதில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார். கீழேயிருந்து பார்த்து அவர்கள் எல்லோரும் கேலி செய்வார்கள்: துரைக்கு நம்ம மூச்சுக்காத்து பட்டா ஆகாது. அவர் கீழே வந்து உட்கார்ந்திருந்தால் பெஞ்சில் எவர் நகர்ந்து இடம் கொடுத்திருப்பார்கள் என்று அவள் இப்போது நினைத்துப் பார்த்தாள். ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை. மன்னராட்சியில் ஒரு வசதி இருந்தது. மாடியைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து வைதுவிட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.

வீட்டில் இன்னும் மோசம். அண்ணன் காலையில் எழுந்து பழக்கத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, அப்புறம் கழற்றிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். சலவைக்கூடத்தில் அவருக்கு அட்டை கட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குப் போனால் போதும். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். உப்பு குறைந்தால் குறைந்தபடி. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவதையும் புரள்வதையும் கேட்டுக்கொண்டு அவள் படுத்திருப்பாள். ஒரு நாள் அவர் கண்ணாடி டம்ளரைத் தட்டி உடைத்துவிட்டார். அவள் துடைப்பத்தோடு வந்தபோது, "நானே கூட்டிக்கறேன்" என்று தரையில் கையால் துழாவினார். விரலில் ரத்தம் வந்தது. அவள் துணி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் கூட்டம் போட்டார்கள். போட்டது அவள் அல்ல.

"தலைவிய மாத்தணும்னு கேட்டு பதினாறு பேரு கையெழுத்து வச்சிருக்காங்க" என்றார் பேப்பர்காரர். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. "சீட்டா, கையா?"

"கை" என்றார் வண்டிக்காரர். "சீட்டுதான் ஒதவாதுன்னு பாத்தாச்சே. சீட்டு போட்டும் பூட்டு விழுந்துச்சு."

சீட்டா கையா என்று தீர்மானிக்கவும் ஓர் ஓட்டு வேண்டுமே. அதற்குக் கை தூக்கினார்கள். கைதான் வென்றது. கஞ்சியக்கா பழைய குணத்தில், "கை தூக்கித்தான் கை தூக்கலாமான்னு பாக்கணுமாக்கும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடியவள் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று பேப்பர்காரர் அவளைக் கேட்டார்.

"நீங்க போட்ட ஓட்ட நான் மீறினது நெசம். அதுக்கு நீங்க என்னய எறக்குறது சரிதான்" என்றாள். "பாய்லர் விஷயத்துல நான் செஞ்சதும் சரிதான். ரெண்டும் சரின்னுதான் எனக்குத் தோணுது. வேற சொல்லத் தெரியல."

மாற்றலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். வண்டிக்காரர் முதலில், பிறகு பிழியல் எந்திரத்துக்காரர்கள் மொத்தமாக. கஞ்சியக்கா தரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினாள். தோள் உயரத்துக்குமேல் அது எழவில்லை. இருபது கை. தூக்காதவர்கள் மூன்று பேர்: அவள், நெட்டையன், அண்ணன். எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

பேப்பர்காரரையே தலைவராக்கினார்கள். தங்கச்சி எழுந்துபோய்ச் சாவியை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாய்லர்..." என்று ஆரம்பித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாய்லர இப்போதைக்கு நெட்டையனே பாத்துக்கட்டும். இப்போதைக்கு. யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?"

தங்கச்சி திரும்பி வண்டிக்காரரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். பன்னிரண்டு வட்டத்தில் ஒரு வட்டம்கூட வாய் திறக்கவில்லை. பேப்பர்காரர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்தது.

அன்றைக்கு மழை நின்றிருந்தது. சந்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. அண்ணன் முன்னால் போனார், அவள் நாலடி பின்னால். குட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது, சொல்லாமல் நடந்தாள். அவர் இரண்டில் கால் வைத்தார்.

வீட்டில் அவள் சூப்பைச் சூடு பண்ணி, ரொட்டியை அறுத்து வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அண்ணன் பேசினார். பன்னிரண்டு நாளாக அதிகம் புழங்காத குரல் கரகரத்தது.

"ஒருத்தனும் என்னயத் திரும்பக் கூப்பிடல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன்ன எறக்கினாங்க. சரி. அப்போ என்னய ஏத்தணும்ல? அதுக்குத்தான எறக்கினாங்க? இப்போதைக்கு நெட்டையனாம். வண்டிக்காரன் ஜன்னலப் பாக்குறான். எனக்கே தெரிஞ்சுது அவன் ஜன்னலப் பாத்தது."

"அவங்களுக்கும் பயம் இருக்கும்ணே. சொல்றதுக்கு மனசு வந்திருக்காது."

"ஆமா. சொல்றதுக்கு உனக்கு மட்டும்தான் மனசு வந்துச்சு" என்றார். அது குற்றச்சாட்டா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்குச் சீட்டுல நானும் பெருக்கல்தான் போட்டேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் முகம் அவருக்குச் சரியாகத் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு உதவியாக இருந்தது.

"அப்படியா?" என்றாள்.

"நீங்க எல்லாரும் சேந்து எறக்கிட்டா எறங்கிடலாம்னு பாத்தேன். பயந்து எறங்கின மாதிரி ஆகாதுல்ல. ஒரு ஓட்டுல போச்சு." அவர் மேஜையில் விரலால் எதையோ தேடினார், கரண்டியை. "எண்ணினது நீதான. அப்போவே உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றால், அவள் பூட்டியது ஏன் என்றும் தெரிந்துவிடும். பூட்டியதால் போனதெல்லாம், பெஞ்சும் கஞ்சியக்காவும் இருபது கையும், தன் சீட்டால் வந்தது என்று இந்த மனுஷன் மிச்சமுள்ள காலமெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பார்.

"எப்படித் தெரியும்? சீட்டு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு."

"அப்போ நீயா முடிவு பண்ணித்தான் பூட்டினியா? யாரும் துணைக்கு இல்லாம?"

"ஆமாண்ணே" என்றாள். கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நான் தனியாத்தான்."